குழாய் வந்தது, நல்ல தண்ணீர் வர ஒரு வருஷம் ஆனது

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஒகேனக்கல் போய்விடலாம். அந்தத் தண்ணீர் எங்கள் குடத்துக்கு வரத்தான் அலைய வேண்டியிருந்தது. இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஜல் ஜீவன் திட்டத்தில் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. அடிபம்பில் வரிசை நின்றே பழகிய எனக்கு, வாசலிலேயே குடம் நிறைந்த அன்று அழுகை வந்துவிட்டது. வருவது காவிரித் தண்ணீர் என்றுதான் எல்லாரும் நம்பினோம்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். முன்பல் இரண்டிலும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு, நடுவில் பழுப்புக் கோடு. ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று அவளை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. அரசு மருத்துவமனையில் பல் டாக்டர் பார்த்ததுமே, "குடிக்கிறது என்ன தண்ணிம்மா?" என்று கேட்டார். ஈறுக்குள் பல் உருவாகிற சின்ன வயதில் ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீரைக் குடித்தால் இந்தக் கறை வருமாம். தேய்த்துப் போக்க முடியாது. வருஷக் கணக்கில் குடித்தால் பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போகும் என்றும் சொன்னார். வீட்டில் இன்னொன்று இரண்டு வயதில் இருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

"நல்லாக் கொதிக்க வெச்சுக் குடு கண்ணு, சரியாயிடும்" என்றார் அத்தை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். இது தெரியாமல் எத்தனை வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறார்களோ!

மறுநாள் தொட்டி ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "ஒகேனக்கல் தண்ணி கொஞ்ச நேரந்தாம்மா வருது. தொட்டி ரொம்பாது. அதான் போர் மோட்டாரையும் போட்டு அதிலயே ஏத்திடறோம்." அவர் மேல் கோபம் வரவில்லை. தொட்டி நிறையாவிட்டால் ஊரே அவரைத்தான் கேட்கும். ஆனால் எங்கள் பாறையில் இருக்கும் ஃபுளோரைடுதான் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருகிறது. அதிலிருந்து எங்களைக் காப்பாற்றத்தானே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே கொண்டுவந்து 2013-ல் திறந்தார்கள்! அந்தத் தண்ணீரில் போர் தண்ணீரைக் கலந்தால் என்ன பயன்?

ஊராட்சியில் போய்ச் சொன்னேன். "எல்லாரும் குடிக்கிற தண்ணிதானேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கையில் காகிதம் இல்லாமல் போனது என் தப்பு.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஃபுளோரைடு பார்க்க பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், கண்ணாடி கூடாது. குழாயைச் சில நிமிஷம் திறந்துவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசி, அப்புறம் பிடிக்க வேண்டும். நான் வீட்டுக் குழாயில் ஒன்று, போரில் ஒன்று என்று தனித்தனியாகப் பிடித்து, தேதியும் இடமும் எழுதி ஒட்டினேன். போர் தண்ணீர்தான் காரணம் என்று காட்ட, இந்த இரண்டாவது பாட்டில்தான் பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது. குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. எங்கள் போரில் 2.6. வீட்டுக் குழாயில் 1.9.

அந்த ரிப்போர்ட்டின் நகலோடு திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். மனு எண் உள்ள ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். கூடவே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். எங்கள் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் தினம் எவ்வளவு ஒதுக்கீடு, தொட்டித் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று இரண்டே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும், கொஞ்சம் தாமதமாக வந்தது. அதைப் பார்த்ததும்தான் புரிந்தது: குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கீடு தாராளமாகப் போதும். மாடு கழுவ, துணி துவைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி என்பதால்தான் போதவில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மகளிர் குழு அக்காக்கள் எல்லாரும் வந்தார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும், போர் தண்ணீருக்குத் தெருமுனையில் தனி சின்டெக்ஸ் என்று தீர்மானம். புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். ஒரு கேட் வால்வு, கொஞ்சம் பைப், இரண்டு சின்டெக்ஸ், அவ்வளவுதான் வேலை. அதற்கும் பல நடை நடந்தோம்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் நல்ல தண்ணீர் வருகிறது. முன்பு நாலு விசில் விட்டாலும் நறுக்கென்று நிற்கும் துவரம்பருப்பு, முதல் நாளே இரண்டு விசிலில் குழைந்துவிட்டது. அத்தை மூடியைத் திறந்து இரண்டு தடவை கிண்டிப் பார்த்தார். மறுபடி கொடுத்த பரிசோதனையில் 0.5 வந்தது.

மேட்டுத் தெருவுக்கு மட்டும் அழுத்தம் போதாமல் தண்ணீர் ஏறவில்லை. அங்கே இன்னும் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அந்தத் தெருக் குழாயிலும் பாட்டில் பிடித்துக் கொடுத்திருக்கிறோம். ரிப்போர்ட் வந்ததும் ஜனவரி 26 கிராம சபைக்கு எடுத்துப் போகிறோம்.