பூண்டு ஊசி கேட்டு வந்த தம்பி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் பல வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். என்ன நோவு என்றாலும் "மிஸ்ஸி, ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்பார்கள். மாத்திரை கொடுத்தால் முகம் வாடிவிடும். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் போட்ட ஊசியோடு மறுநாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசியதில்லை.

ஒரு மார்ச் மாதம் தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்த ஒரு தம்பி வந்தான். பனிக்காலம் முழுக்க ஜப்பானில், நிசேக்கோவில் ஹோட்டல் வேலை. ஓய்வு கிடைத்தால் ஸ்னோபோர்டு. இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு சரிவில் இறங்க வேண்டும். விழுந்து விழுந்து மணிக்கட்டும் வால் எலும்பும் வலி, தொடை கல்லாக இறுகிக் கிடந்தது. அங்கே கூட்டாளிகள் பூண்டு ஊசி போட்டுக்கொள்வார்களாம். அதில் பூண்டு கிடையாது, வைட்டமின் பி1தான். ஏறும்போது மூக்கில் பூண்டு வாசனை வருவதால் அந்தப் பேர்.

"அதே மாதிரி தண்ணி ஏத்திவிடுங்கக்கா. வைட்டமின் சி நிறையப் போடுங்க."

எங்கள் கிளினிக்கிலும் அப்போதுதான் வைட்டமின் டிரிப் தொடங்கியிருந்தார்கள். பாட்டில் தயாராக இருந்தது.

அவன் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. பனியில் தாகம் தெரியாது. ஆனால் உலர்ந்த காற்றில் மூச்சோடு நீர் போகும், குளிரில் சிறுநீரும் கூடும். ஆனால் வாந்தியில்லாத ஆளுக்கு அந்த நீரை வாய் வழியே கொடுத்தால் போதும். தசைவலி ஆற வைட்டமினை இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. போட்டிக்குப் போகும் வீரர்களுக்கோ ஊக்கமருந்து விதியே குறுக்கே நிற்கிறது: மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணம் இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது.

சரி, இதையெல்லாம் விட வேறொன்று என்னை உறுத்தியது. "தம்பி, உனக்கு ஜி6பிடி குறை இருக்கா?" என்று கேட்டேன். ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அவனுக்குத் தெரியவில்லை. நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கிற சோதனை அது. அந்த நொதி குறைந்தவர்களுக்கு வைட்டமின் சியை அதிக அளவில் ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையலாம். அம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். அரை மணியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய குழந்தைப் புத்தகத்தோடு அவர் வந்தார். குறை இருப்பதாக அதில் எழுதியிருந்தது.

கை சில்லிட்டுப் போனது எனக்கு. டிரிப் ஏற்றுமுன் நாங்கள் நிரப்பும் பாரத்தில் அந்தக் கேள்வியே இல்லை. டாக்டரிடம் சொன்னேன், நிறுத்தினார். மறுநாளே பாரத்தில் அதை முதல் கேள்வியாகச் சேர்க்கச் சொல்லி மல்லுக்கட்டினேன், சேர்த்தார்கள். தம்பிக்கு நல்ல தூக்கம், கஞ்சி, முட்டை, நிறைய தண்ணீர் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று பிற்பகல் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். வெயிலில் மயங்கி, குடித்ததெல்லாம் வாந்தி. அவருக்கு உடனே உப்புநீர் ஏற்றினேன். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது கண்ணைத் திறந்து, "பசியாறணும் மிஸ்ஸி" என்றார்.