காக்கா எடுத்துச்சா?

ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் குடியிருப்பு நிர்வாகத்தின் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. பால்கனியில் பறவைகளுக்குத் தீனி போடக் கூடாதாம், மீறினால் அபராதமாம். அப்பாவுக்கு வைத்த சோறு இவர்களுக்குத் தீனி. அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் சுருக்கென்று குத்தியது.

கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கும் இந்தப் பர்னபிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, விடாத மழையும் பழகிவிட்டது. அப்பா போனபோது மட்டும் என்னால் போக முடியவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன், நான் இங்கே உட்கார்ந்து போனில் பார்த்தேன். அதனால்தான் அமாவாசைச் சோறு என்றால் எனக்கு உயிர். காக்காவுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. சாயங்காலமானால் ஸ்டில் க்ரீக் பக்கம் ஆயிரக்கணக்கில் வந்து அடையும், வானமே கறுத்துப்போகும். நம்மூர்க் காக்கா மாதிரி கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது, உடம்பு முழுக்கக் கறுப்பு, ஆனாலும் தலையைச் சாய்த்து சோற்றைப் பார்க்கிற பார்வை அதேதான்.

அந்த வாரம்தான் ஈடன் ராபின்சனின் ‘மங்கி பீச்’ நாவல் நூலகத்தில் கிடைத்தது. 2000-இல் வந்தது. இதே மாகாணத்தின் வடக்குக் கரையில், கிட்டமாட் பக்கம் வாழும் ஹைஸ்லா என்ற பூர்வகுடி மக்களின் கதை. கடலுக்குப் போன தம்பி ஜிம்மியைக் காணவில்லை என்று வீடே தவித்துக்கொண்டிருக்கும்போது, மரத்தில் காக்காக்கள் வந்து உட்கார்ந்து ஹைஸ்லா மொழியில் அக்கா லிசாமேரியிடம் சொல்கின்றன: கடலின் அடிக்குப் போ. முதல் பக்கத்திலேயே காக்கா! புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கதையில் லிசாமேரியின் பாட்டி வருகிறாள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்த் தீ மூட்டி, செத்துப்போன தாத்தாவுக்காக விஸ்கியை அந்தத் தீயில் வைக்கிறாள். தாத்தா இங்கேதான் இருக்கிறார், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். எங்கள் வீட்டில் அப்பா படத்துக்கு முன்னால் மொச்சைக் குழம்போடு ஒரு பீடிக்கட்டும் வைப்போம். தீப்பெட்டியை மறந்துவிட்டால் அத்தை சத்தம் போடுவாள், என் அண்ணன் எதில் பற்றவைப்பான் என்று.

லிசாமேரி ஆவிகளைப் பார்க்கிறாள் என்று அவளை ஒரு வைத்தியரிடம் அனுப்புகிறார்கள். அதெல்லாம் ஆவி இல்லை, சாவைத் தாங்கிக்கொள்ள உன் மனசு செய்கிற வேலை என்கிற மாதிரி அங்கே பேச்சு போகிறது. அவர்களுக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லிவிட்டு அவளும் வந்துவிடுகிறாள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. வெறும் கதை என்று தள்ள முடியவில்லை. இந்த மக்கள் இறந்தவர்களுக்காக ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, பொருள் கொடுத்து, பேரைச் சொல்லி நடத்திய பாட்லாட்ச் சடங்கையே கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. அறுபத்தாறு வருஷம். எத்தனை வீட்டில் துக்கம் முடியாமலே கிடந்திருக்கும்?

புரட்டாசி அமாவாசைக்கு சர்ரேயில் இருக்கும் ஒரு நண்பர், எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து வையுங்கள் என்றார். இந்தியக் கடையில் உறைந்து கிடந்த வாழை இலையை வாங்கி, வெந்நீரில் காட்டிப் பிரித்து, சோறு, பருப்பு, நெய், எள், ஓரத்தில் ஒரு வடை. கா கா என்று கூப்பிட்டேன். பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வேலி மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது.

அம்மா போனில் எடுத்த எடுப்பில் கேட்டது அதைத்தான். “காக்கா எடுத்துச்சாடா?”

“எடுத்துச்சும்மா. சோத்தைத் தொடவே இல்ல, வடையைத் தூக்கிட்டுப் போயிருச்சு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அவருதான்” என்றாள்.