ஃபிரிட்ஜுக்கு அடியில் ஒரு பகடை

பிட்ஸ்பர்க்குக்குக் குடிவந்த முதல் வருஷம். அக்டோபர் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். "13-ம் தேதி சாயங்காலம் சும்மாத்தானே இருப்பாய்? யாங்கீஸ் அணிக்கு ஓர் ஆள் வேண்டும்."

எனக்கு பேஸ்பால் தெரியாதே என்றேன்.

"ரொம்ப நல்லது" என்றார். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சொன்ன தேதியில் பழைய செருப்புப் பெட்டி ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் பூனை பகடையைத் தட்டிவிடுமாம், அதனால் ஆட்டம் எங்கள் சாப்பாட்டு மேஜையில். பெட்டிக்குள் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டைகள். ஹால் ரிச்மன் என்பவர் பதினோரு வயதில் யோசிக்கத் தொடங்கி, 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ்பால் மேஜை விளையாட்டு. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை, அதில் ஒரு சீசனில் அவர் ஆடிய லட்சணம் எண்களாக நிறைந்திருக்கும். மூன்று பகடை உருட்ட வேண்டும். வெள்ளைப் பகடையில் ஒன்று முதல் மூன்று வந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும், நான்கு முதல் ஆறு வந்தால் பிட்சரின், அதாவது பந்து எறிபவரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கு நேரே என்ன போட்டிருக்கிறதோ அதுதான் நடந்தது.

சரி, நம்ம புக் கிரிக்கெட்! கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, கடைசி இலக்கம் சைபர் வந்தால் அவுட் என்று ஒரு பீரியட் முழுக்க டெஸ்ட் மேட்ச் ஆடியவன் நான். எந்தப் பக்கத்தில் ஆறு வரும் என்று விரலுக்கே தெரியும். யாங்கீஸ் என்னை நம்பலாம்.

ஆடப்போவது 1960 அக்டோபர் 13-ல் நடந்த, உலகத் தொடர் எனப்படும் அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். தொடர் முழுவதும் நியூயார்க் யாங்கீஸ் எடுத்தது 55 ரன், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 27. ஆனாலும் கோப்பை பைரேட்ஸுக்கு. ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் 9-9 என்று சமமாக நின்றபோது, கடைசி இன்னிங்ஸில் பைரேட்ஸின் பில் மசரோஸ்கி சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன்தான் (நம்ம சிக்ஸர் மாதிரி) காரணம். மணி 3:36. மைதானத்தை இடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, சுவரில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. வருஷா வருஷம் அதே தேதியில் அங்கே கூடி பழைய வானொலி வர்ணனையைப் போட்டுக் கேட்கிறார்கள். நம்மவர் அன்றும் அங்கே போய்க் கேட்டுவிட்டு, கண் சிவந்துதான் வந்திருந்தார்.

"முடிஞ்சுபோன மேட்ச்சை எதுக்குங்க திரும்ப ஆடணும்?" என்று என் மனைவி தமிழில் கேட்டாள். நல்லவேளை, அவருக்குப் புரியவில்லை.

முதல் இன்னிங்ஸிலேயே தகராறு. என் யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மேன்டில் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே அவுட். எதிராளி அவுட்டானால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? பெரியவர் மேஜையைத் தட்டினார். "அன்றைக்கு ஒருத்தர்கூட ஸ்ட்ரைக் அவுட் ஆகவில்லை! ஒருத்தர்கூட!" நிஜம்தான். ஆனால் அந்த சீசனில் மேன்டில் 40 ஹோம் ரன் அடித்ததோடு 125 முறை ஸ்ட்ரைக் அவுட்டும் ஆனவர். அட்டைக்கு அது தெரியும், அக்டோபர் 13 தெரியாது.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் விளக்கவுரை. எட்டாவது இன்னிங்ஸில் பந்து தாறுமாறாக எகிறி யாங்கீஸ் வீரர் டோனி கியூபெக்கின் தொண்டையில் பட்டதை, தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நடித்தே காட்டினார். என் மனைவி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். 5-5. பைரேட்ஸுக்கு இரண்டு அவுட், இன்னொன்று விழுந்தால் இன்னிங்ஸ் முடிந்தது. மசரோஸ்கியின் அட்டையை எடுத்தார். மற்ற அட்டைகளெல்லாம் மஞ்சள் என்றால் இது மட்டும் அப்பளம் மாதிரி ஓரம் வளைந்து கிடந்தது. உருட்டினார். ஒரு பகடை மேஜையிலிருந்து துள்ளி ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

நான் தரையில் குப்புறப் படுத்து, போன் டார்ச்சை அடித்தேன். ஒரு காய்ந்த கறிவேப்பிலைக் கொத்து, தோசைத் திருப்பி வாங்கியபோது வந்த விலைச்சீட்டு, அதற்குப் பக்கத்தில் பகடை.

"என்ன விழுந்திருக்கிறது?"

என்ன சொன்னால் ஹோம் ரன் என்று தெரிந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன். தெரியாததால் உண்மையைச் சொன்னேன். "மூன்று."

அட்டையைப் பார்த்தார். "கீழே விழுந்தது செல்லாது."

மறுபடி உருட்டினார். அவுட். பகடை தட்டின் ஓரத்தில் சாய்ந்து நின்றதாம், செல்லாது. மறுபடி. அதுவும் அவுட். நான் மூச்சுவிட்டேனாம். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன், கடைசியில் விழுந்தது ஹோம் ரன்.

தொப்பியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஓடினார். மசரோஸ்கியும் அன்று அப்படித்தான் ஓடினாராம். காபித் தட்டோடு வந்த என் மனைவி செகண்ட் பேஸில் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

மூச்சிரைப்பு அடங்கியதும் ஒரு நோட்டை எடுத்து ஸ்கோரை எழுதினார். கை கழுவ அவர் எழுந்து போன நேரத்தில் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு வருஷம், எல்லா வருஷமும் பைரேட்ஸ் வெற்றி. யாங்கீஸ் சார்பில் ஆடியவர் என்ற இடத்தில் தபால்காரர், பல் டாக்டர், மருமகன் என்று விதவிதமான ஆட்கள்.

எந்தப் பெயரும் இரண்டாவது தடவை வரவில்லை.