போத்தலா, டின்னா? வெள்ளவத்தையில் ஐந்து நாள்

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். பையை இன்னும் பிரிக்கவில்லை. ஒரே ஒரு பில்லை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். கொழும்பு கோட்டைப் பக்கம் ஒரு பப்பில் குடித்த இரண்டு கிராஃப்ட் பியருக்கான, அதாவது சின்னக் கம்பெனிகள் கொஞ்சமாகக் காய்ச்சும் பியருக்கான, பில் அது. 330 மில்லி கேன் ஒன்று 2,400 ரூபாய் என்று மெனுவில் இருந்தது. இலங்கை ரூபாய்தான், நம் காசுக்கு மூன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு 4,800. அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 18 சதவீத வாட். மொத்தம் 6,230 ரூபாய். இத்தனைக்கும் இரண்டு கேனும் சேர்ந்து முக்கால் லிட்டர்கூட இல்லை. மெனுவின் அடியில் எறும்பு எழுத்தில் 'வரிகள் தனி' என்று போட்டிருந்தார்கள். விலையை வரியோடு சேர்த்துப் போடுவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

போவது எப்படி, தங்குவது எங்கே, சாப்பிடுவது எங்கே என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இந்தப் பயணத்தில் என் மண்டையை விட்டுப் போகாத விஷயம் பியர் அடைத்துவரும் பாத்திரம்தான். சிவகாசியில் லேபிள் அச்சகத்தில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ஒரு சரக்கைப் பார்த்தால் முதலில் அதன் மேலுறைதான் கண்ணில் படும்.

பயண விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான விமானப் பயணம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து 187 பஸ் ஏறினால் கொழும்பு. டாக்ஸிக்காரர் கேட்ட காசில் அந்த பஸ்ஸில் ஒரு வாரம் போய் வரலாம். பஸ் நன்றாக இருந்தது. தப்பு நடந்தது புறக்கோட்டையில் இறங்கிய பிறகுதான். கையில் பெரிய பை, மேலே மழை. நண்பன் வீடு இருக்கும் வெள்ளவத்தைக்கு என்று ஒரு த்ரீவீலரை, நம் ஆட்டோவை, கூப்பிட்டேன். மீட்டர் வேலை செய்யவில்லை என்றார். இறங்கும்போது 2,500 கேட்டார். பேசிப் பேசி 2,000-க்கு வந்தார். மறுநாள் இதே தூரத்துக்கு பிக்மீ என்ற வாடகை வண்டிச் செயலியில் பார்த்தால் அதில் பாதிகூட இல்லை. காலி என்ற ஊருக்குப் போகும் பெரிய சாலையான காலி வீதியில் ஓடும் 100, 101 பஸ்களில் ஏறியிருந்தால் சில்லறைக் காசில் முடிந்திருக்கும். தயவுசெய்து போனில் செயலியைப் போட்டுக்கொண்டு போங்கள்.

நண்பன் வீடு வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கம், நாலாவது மாடி. பால்கனியில் நின்றால் கீழே ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். சென்னையில் என்னோடு படித்தவன், யாழ்ப்பாணத்துக்காரன். என்னைப் பார்த்ததும் பையைக்கூட வாங்கவில்லை.

"மச்சான், முதல்ல கடைக்குப் போவம். நாளைக்குப் போயா. இண்டைக்கு வாங்காட்டி இல்லை."

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று நாடு முழுக்க மது விற்பனை கிடையாது. வைன் ஸ்டோர்ஸ் என்னும் மதுக்கடை, சூப்பர் மார்க்கெட்டின் மதுப் பிரிவு, ஹோட்டல் பார் எல்லாம் மூடியிருக்கும். ஆகவே அதற்கு முதல்நாள் சாயங்காலம் வைன் ஸ்டோர்ஸ் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கம்பி வலை போட்ட கவுன்டர், உள்ளே இரண்டு பேர், வெளியே நாற்பது கை. (வைன் ஸ்டோர்ஸ் என்றுதான் பெயர், வைன் கேட்பவர் யாரும் இல்லை.)

அந்த வரிசையில் நின்ற அரை மணி நேரத்தில் கவனித்தது இது. வெறும் கையோடு வந்தவர்கள் டின் வாங்கினார்கள். நாம் கேன் என்பதை அங்கே டின் என்றும், பாட்டில் என்பதைப் போத்தல் என்றும் சொல்கிறார்கள். கையில் சாக்குப் பையோ கூடையோ வைத்திருந்தவர்கள் போத்தல் வாங்கினார்கள், ஏனென்றால் அந்தப் பைக்குள் வெறும் போத்தல்கள் இருந்தன. பெரிய கண்ணாடி போத்தலுக்கு முன்பணம் உண்டு. வெறும் போத்தலைக் கொடுத்தால் பியர் விலை மட்டும் கொடுக்கலாம், இல்லாவிட்டால் போத்தல் காசையும் சேர்த்து வைக்க வேண்டும். பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறவர், வேலை முடிந்து அப்படியே வந்தவர், வீட்டில் மறைத்துக் குடிக்கிறவர் எல்லாருக்கும் டின்தான் வசதி. பைக்குள் சத்தம் போடாது, குடித்து முடித்ததும் நசுக்கிப் போட்டுவிடலாம். அந்த வசதிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று அங்கே நின்ற யாரும் கணக்குப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

நான் பார்த்தேன். அன்று அந்தக் கடையில் லயன் லாகர் 625 மில்லி போத்தல் 600 ரூபாய், 500 மில்லி டின் 580, 330 மில்லி சின்ன டின் 430. லிட்டருக்கு என்று மாற்றிப் பாருங்கள். போத்தலில் 960, பெரிய டின்னில் 1,160, சின்ன டின்னில் 1,300. உள்ளே இருப்பது ஒரே பியர்தான். லிட்டருக்கு 340 ரூபாய் வித்தியாசம் அலுமினியத்துக்கும், சின்ன அளவுக்கும், கையில் இருப்பது 500 ரூபாய்தான் என்பதற்கும் போகிறது. கையில் 500 மட்டும் இருப்பவனுக்கு 600 ரூபாய் போத்தல் எட்டாது, 430 ரூபாய் டின் எட்டும். காசு குறைவாக வைத்திருப்பவன்தான் லிட்டருக்கு அதிக விலை கொடுக்கிறான். நம் ஊர் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் விற்பதும் கையில் இருக்கும் சில்லறைக்கு எட்டும் அளவு என்ற கணக்கில்தான். அந்த பாக்கெட்டுகளுக்கு அச்சடித்துக் கொடுத்தவன் என்பதால் எனக்கு இது நன்றாகவே தெரியும்.

நண்பன் நாலு போத்தல், இரண்டு ஸ்டவுட், அதாவது கறுப்பு பியர், டின் வாங்கினான். கடைக்காரர் அவன் கொண்டுவந்த வெறும் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, வாய் விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்தார். சின்னதாக உடைந்திருந்தால்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். ஒன்றைத் திருப்பித் தள்ளினார், மற்றதை எடுத்துக்கொண்டார். புதிதாகக் கொடுத்த போத்தல்களைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தோளிலும் அடியிலும் வெள்ளையாக உரசிய வளையம். போத்தலோடு போத்தல் இடித்து, தொழிற்சாலைக்கும் கடைக்கும் பல முறை போய்வந்த தடம் அது. புது போத்தலில் அந்த வளையம் இருக்காது. வளையம் தடிக்கத் தடிக்க அந்தப் போத்தலின் விலை பல பேர் தலையில் பகிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்த வளையத்தைப் பார்த்ததும் மனசுக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

நம் ஊரிலும் 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் வந்தது. அது காட்டில் உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்பதால் நீதிமன்றம் தலையிட்டு வந்தது. இலங்கையில் அது வியாபாரத்தின் பழக்கமாகவே இருக்கிறது.

போயா அன்று கடலைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தோம். நண்பனின் அக்கா குடும்பம் கனடாவிலிருந்து லீவுக்கு வந்திருந்தது. அக்கா வீட்டுக்காரர் ஸ்காபரோவில் 20 வருடம் இருப்பவர். பால்கனியில் அவர் உட்கார்ந்ததும் நண்பன் ஆரம்பித்தான். "அத்தான், அங்க டின்னுக்கும் காசு திருப்பித் தருவாங்களாமே?"

"ஓமடா. ஒண்டாரியோவில டின்னுக்கு 10 சதம், பெரிய போத்தலுக்கு 20 சதம். கிழமைக்கு ஒருக்கா பையோட கொண்டுபோய்க் குடுப்பன்."

சதம் என்றால் சென்ட். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. அங்கே கிராஃப்ட் பியர் பெரும்பாலும் 473 மில்லி டின்னில் ஒற்றையாகவே கிடைக்குமாம். ஒற்றையாக வாங்க முடிவதால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பியர் எடுப்பாராம். "ஆறு டின் பெட்டியா வாங்கினா அதையே ஆறு நாளும் குடிக்கோணும். பிடிக்காட்டி என்ன செய்யிறது? ஒண்டா எடுத்தா துணிஞ்சு எடுக்கலாம்" என்றார். நான் யோசிக்காத கோணம் இது. பெட்டியாக விற்றால் ஆள் பழகிய சரக்கையே பிடித்துக்கொண்டிருப்பான். ஒற்றையாக விற்றால் புதுசு தேடிப் போவான், ஆனால் லிட்டருக்குக் கூடுதலாகக் கொடுப்பான்.

அமெரிக்கக் கணக்கும் இப்படித்தான். அங்கே வழக்கமான பெட்டி 12 அவுன்ஸ் கேன் ஆறு, அதாவது 72 அவுன்ஸ். கிராஃப்ட் கம்பெனிகள் பல 16 அவுன்ஸ் கேன் நாலு என்று மாற்றின, அது 64 அவுன்ஸ். பார்க்க கேன் பெரிது, கையில் கனம், ஆனால் பெட்டியில் 8 அவுன்ஸ் குறைவு. விலையோ பல கடைகளில் ஆறைவிட நாலுக்குத்தான் அதிகம்.

அப்புறம் இந்த கேன் ஒரு காலத்தில் மட்டமான சரக்கின் அடையாளமாக இருந்தது. கிராஃப்ட் என்றால் கண்ணாடி பாட்டில்தான். 2002-ல் கொலராடோவில் ஆஸ்கர் புளூஸ் என்ற சின்னக் கம்பெனி தன் பியரை கேனில் அடைத்ததிலிருந்துதான் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. பியருக்கு வெளிச்சம் எதிரி. பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் ஒரு கெட்ட நாற்றம் வரும், பச்சை பாட்டிலிலும் வெள்ளை பாட்டிலிலும் அது சீக்கிரம் வரும். கேனுக்குள் வெளிச்சமே போகாது. எடையும் குறைவு. 330 மில்லி கண்ணாடி பாட்டில் காலியாகவே ஏறக்குறைய 200 கிராம் இருக்கும், கேன் 15 கிராம் தேறாது. கப்பலில் வரும் சரக்குக்கு இது பெரிய லாபம்.

அப்படியானால் அந்த பப்பில் என் கையில் இருந்த கேன் ஏன் அந்த விலை? சுங்க வரி, கலால் வரி, கப்பல் கூலி எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குளிரில் ஈரமான அந்த கேனை விரலால் தடவியபோது ஓரம் பிரிந்து வந்தது. நேரடியாக அச்சடித்த கேன் இல்லை, வெறும் வெள்ளிக் கேனில் ஒட்டிய ஸ்டிக்கர் லேபிள். சின்னக் கம்பெனிகளின் பாடு அதுதான். அச்சடித்த கேன் வேண்டுமென்றால் லாரிக் கணக்கில் எடுக்க வேண்டும். 2021 கடைசியில் உலகின் பெரிய கேன் கம்பெனியான பால் கார்ப்பரேஷன், ஒப்பந்தம் இல்லாத வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு டிசைனுக்கும் குறைந்தது ஐந்து லாரி எடுக்க வேண்டும் என்று அறிவித்தது. அதுவரை ஒரு லாரி போதும். ஒரு லாரியில் ஏறக்குறைய 2 லட்சம் கேன். பத்து வகை பியர் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுகிறவன் ஒரு டிசைனுக்கு 10 லட்சம் கேனை எங்கே அடுக்கி வைப்பான்? ஸ்டிக்கரோ, சூட்டில் சுருங்கிக் கேனைப் பிடிக்கும் ஷ்ரிங்க் ஸ்லீவ் உறையோதான் வழி. கேனுக்குக் கேன் அதில் செலவு கூடும். எங்கள் அச்சகத்தில் தினம் நடக்கும் பேச்சு இது. 500 லேபிள் கேட்பவரிடம் ஐந்து லட்சம் கேட்பவரின் ரேட்டைச் சொல்ல முடியாது. அதனால் கேன் விலை எனக்குப் புரிகிறது, அதைக் காய்ச்சியவர்மேல் கோபமும் இல்லை. 440 மில்லி கிராஃப்ட் கேன் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 2,200-க்கு இருந்தது, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். 330 மில்லியைத் திறந்து மேசையில் வைத்ததற்காக அதற்கும் மேல் ஏற்றி, வரியை ஒளித்துவைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

நாலாம் நாள் அந்தக் கோபத்தை ஆற்றியது ஒரு தட்டு கணவாய் மீன். பம்பலப்பிட்டிப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலி போட்ட சாதாரண பார். அங்கே தொட்டுக்கொள்வதற்கு 'பைட்' என்று பெயர். ஹொட் பட்டர் கணவாய் சொல்லுங்கள். வளையமாக நறுக்கிய கணவாயை மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து, வெண்ணெயில் காய்ந்த மிளகாயும் வெங்காயத்தாளும் போட்டு ஒரு புரட்டு. கடித்தால் வெளியே அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, உள்ளே ரப்பர் ஆகாமல் மெத்தென்று இருக்கிறது. வெண்ணெய் வாசம் மூக்கில் இருக்கும்போதே மிளகாய் தொண்டையில் பிடிக்கிறது. இரண்டு தட்டு சாப்பிட்டோம், மூன்றாவதுக்கு நண்பன் கையைப் பிடித்தான். மதுரைக்காரன் நாக்கு என் நாக்கு, லேசில் எதையும் புகழாது. இதற்காக மட்டுமே மறுபடி விமானம் ஏறலாம்.

அதோடு குடித்தது லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம். கறுப்பு, அடர்த்தி, காப்பிக் கொட்டையும் கருப்பட்டியும் வறுத்த மாதிரி ஒரு கசப்பு. 1881-ல் நுவரெலியாவில் தொடங்கி இப்போது பியகமவில் காய்ச்சும் பெரிய கம்பெனியின் சரக்கு, அதை யாரும் கிராஃப்ட் என்று சொல்ல மாட்டார்கள். பப்பில் குடித்ததைவிட இது எனக்குப் பல மடங்கு பிடித்தது. 2016 மே வெள்ளத்தில் பியகம ஆலை மூழ்கி உற்பத்தி நின்றபோது கடைகளில் லயன் கிடைக்காமல் அலைந்ததை நண்பன் இன்னும் துக்கம் மாதிரி சொல்கிறான். குடித்துப் பார்த்தபின் அந்தத் துக்கம் நியாயம் என்று பட்டது.

கிளம்பும் நாள் காலை, நண்பன் ஆபீஸ் போய்விட்டான். சமையலறை மூலையில் நாலு வெறும் போத்தல். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நானே வைன் ஸ்டோர்ஸுக்கு நடந்தேன். அதே கடைக்காரர். கட்டைவிரல் நாலு வாயிலும் ஒரு சுற்றுச் சுற்றியது. நாலையும் எடுத்துக்கொண்டார்.

"என்ன வேணும் தம்பி?"

"ஒண்ணும் வேண்டாம் அண்ணே, காசு மட்டும் போதும். ஊருக்குப் போறேன்."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, கம்பிக்குக் கீழே காசை எண்ணித் தள்ளினார். காலி வீதியில் சூடாக நாலு உளுந்து வடை வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு 101-ல் ஏறினேன்.