போலந்தின் மான்செஸ்டரில்

போலந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் கிராகோவ் போகிறார்கள். கோட்டை, பழைய சதுக்கம், உப்புச் சுரங்கம் என்று பார்க்க நிறைய உண்டு. வூச் நகரத்துக்கு யாரும் போவதில்லை. வரைபடத்தில் பெயரைப் பார்த்தால் லோட்ஸ் என்று படிக்கத்தான் தோன்றும். அங்கே போகப் போகிறேன் என்று வார்சாவில் சொன்னபோது விடுதி வரவேற்பறையில் இருந்த இளைஞர், நான் ரயில் மாறி ஏறிவிடப் போகிறேனோ என்று கவலைப்பட்டார்.

எனக்குக் காரணம் இருந்தது. நான் கோயம்புத்தூரில் மில் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவன். எங்கள் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றால், வூச்சைப் போலந்தின் மான்செஸ்டர் என்பார்கள். பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆலைகளை இழப்பது எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். கம்யூனிச ஆட்சி விழுந்து முப்பத்தைந்து ஆண்டுகளில் போலந்து பெற்ற வளர்ச்சியைப் பொருளாதாரப் பத்திரிகைகள் அதிசயம் என்று எழுதுகின்றன. அந்த அதிசயத்தை அடிபட்ட ஊரிலிருந்து பார்க்க விரும்பினேன்.

வார்சாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம். 2016 டிசம்பரில் திறக்கப்பட்ட ஃபாப்ரிச்னா நிலையம் முழுக்க நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியப் பணம் தாராளமாகச் செலவான கட்டடம். நடைமேடையில் என்னோடு இறங்கியவர்கள் அந்தப் பரப்பில் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. நகரத்துக்கு அடியில் சுரங்கப்பாதை முடிந்து ரயில்கள் மறுபக்கம் போகத் தொடங்கினால்தான் இது நிறையும் என்கிறார்கள். அதுவரை தண்டவாளம் இங்கேயே முடிகிறது.

நேராக மனுஃபக்தூராவுக்குப் போனேன். 19ஆம் நூற்றாண்டில் இஸ்ரேல் போஸ்னான்ஸ்கி என்ற யூதத் தொழிலதிபர் கட்டிய பருத்தி ஆலை வளாகம் அது. சிவப்புச் செங்கல்லில் கோட்டை மாதிரி வாயில், அதை ஒட்டியே முதலாளியின் அரண்மனை. போருக்கு முன் இந்நகர மக்களில் மூன்றில் ஒருவர் யூதர். நாஜிகள் இங்கே கெட்டோ என்ற அடைப்புக் குடியிருப்பு அமைத்து அவர்களை அடைத்தார்கள். உயிரோடு எஞ்சியவர்கள் மிகச் சிலர். போருக்குப் பின் ஆலை அரசுடைமையாகி, மார்ஹ்லெவ்ஸ்கி என்ற கம்யூனிஸ்ட் தலைவரின் பெயரைப் பெற்றது. 1990களில் மூடப்பட்டது. 2006இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் அதை வணிக வளாகமாக மாற்றித் திறந்தது. இன்று நூற்புக்கூடங்களில் பர்கரும் காலணியும் விற்கிறார்கள். எந்தச் சட்டையை எடுத்துப் புரட்டினாலும் வங்கதேசம், துருக்கி, சீனா. ஒன்றில் இந்தியா என்று இருந்தது. திருப்பூராக இருக்கலாம் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

இதைக் கண்டு வருத்தப்படுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். நான் தங்கிய வீட்டு அம்மாள் அதற்கு இடம் தரவில்லை. எழுபதைக் கடந்தவர், வேறோர் ஆலையில் பதினேழு வயதில் தறிக்குப் போனவர். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் சத்தமாகத்தான் பேசுவார். மகள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன். "இடிக்காமல் விட்டார்களே, அதுவே பெரிது. குளிர்காலத்தில் நடக்க இடம் இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. ஆலையில் அது இருந்ததில்லை" என்றார்.

இந்தப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் போலந்தின் கதையை எல்லோரும் சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் பிறந்த க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். 1970 டிசம்பரில் அரசு உணவுப் பொருள்களின் விலையை ஏற்றியது. கடற்கரை நகரங்களில் தொழிலாளர்கள் தெருவில் இறங்க, ராணுவம் சுட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்சித் தலைவர் மாறினார், விலை மாறவில்லை. அடுத்த பிப்ரவரியில் வூச் ஆலைகளில் தறிகள் நின்றன. முதலில் நின்ற இடங்களில் ஒன்று இன்றைய மனுஃபக்தூரா. வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் மூன்று ஷிப்டில் உழைத்த பெண்கள். பிரதமர் யாரோஷேவிச்சே புறப்பட்டு வந்து நாடக அரங்கில் அவர்களிடம் கெஞ்சிப் பார்த்தார். அவர்கள் அசையவில்லை. மறுநாளே விலை உயர்வு திரும்பப் பெறப்பட்டது. துப்பாக்கிக்கு முன் நின்ற ஆண்களால் முடியாததை இவர்கள் முடித்தார்கள். அம்மாளிடம் கேட்டேன். "அரங்கத்துக்கெல்லாம் நான் போகவில்லை. தறியை நிறுத்தினேன், அவ்வளவுதான்" என்றார்.

1981 கோடையில் இதே ஊர்ப் பெண்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் பட்டினி ஊர்வலம் போனார்கள். கம்யூனிஸ்டுகள் போய் சாலிடாரிட்டியின் ஆட்சி வந்தபோது இந்தப் பெண்களுக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

1990 ஜனவரி 1 அன்று நிதி அமைச்சர் பால்செரோவிச்சின் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. விலைக் கட்டுப்பாடு போனது, மானியம் வெட்டப்பட்டது, எல்லை இறக்குமதிக்குத் திறந்தது. அந்த ஆண்டுப் பணவீக்கம் 580 விழுக்காட்டைத் தாண்டியது. பிறகு விலை படிப்படியாக அடங்கியது, கடைகளில் பொருள் வந்தது, 1995இல் பத்தாயிரம் பழைய ஸ்லோட்டிக்கு ஒரு புதிய ஸ்லோட்டி என்று நாணயத்தையே மாற்றினார்கள். நாட்டுக்கு அது வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கடை அலமாரி காலியாக இருந்த நாட்களை அம்மாளும் விரும்பிச் சொல்லவில்லை. ஆனால் வூச் ஆலைகள் நெய்த துணி சோவியத் சந்தைக்குப் போனது. 1991இல் அந்த வணிகம் டாலர் கணக்குக்கு மாறியது, அதே ஆண்டு முடிவதற்குள் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. பழைய எந்திரம், ஏறிய வட்டி, மேற்கிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரும் மலிவுத் துணி. சில ஆண்டுகளில் ஊரின் பிழைப்பே நின்றுபோனது.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு 1998இல் சட்டம் போட்டு, வேலையை விடுகிறவர்களுக்குக் கையில் கணிசமான தொகை கொடுத்தார்கள். நெசவுக்காரப் பெண்களுக்கு அந்த அளவுக்கு எதுவும் வரவில்லை. சுரங்கக்காரர்கள் தலைநகரத்துக்கு வந்து கல்லெறிவார்கள், இவர்கள் வீட்டில் சமைக்க வேண்டியிருந்தது என்பது என் கணிப்பு. அம்மாள் வேலை போனபின் ஒரு தையல் எந்திரம் வாங்கி வீட்டிலேயே உடுப்பு தைத்தார். நகருக்கு வெளியே ஜ்குஃப், துஷின் என்ற ஊர்களில் பெரும் துணிச் சந்தைகள் முளைத்திருந்தன; ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் பஸ் நிறைய வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள். அரசு ஆலை இழந்த அதே வாடிக்கையாளர்களுக்கு அதே பெண்கள் வீட்டு அறையிலிருந்து தைத்துக் கொடுத்தார்கள், காப்பீடும் விடுப்பும் இல்லாமல். மூடிய ஆலையின் சில சம்பளப் பதிவேடுகள் கிடைக்காமல் போனதில், ஓய்வூதியக் கணக்கில் அவர் உழைத்த சில ஆண்டுகள் விடுபட்டுவிட்டன. அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

மகளின் கதை வேறு. 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் உடனே வேலைச் சந்தையைத் திறந்துவிட்டன. போலந்தில் வேலையின்மை இருபது விழுக்காட்டைத் தொட்டு இறங்காமல் இருந்த நேரம். அடுத்த ஆண்டே அவர் அயர்லாந்துக்குப் போய்க் காய்கறி பொட்டலம் கட்டும் வேலையில் சேர்ந்தார், கையில் பொருளாதாரப் பட்டம் இருந்தும். அவர் அங்கே இருக்கும்போதே, 2009 ஜனவரியில் டெல் நிறுவனம் அயர்லாந்தின் லிமெரிக் நகரத்திலிருந்து கணினி உற்பத்தியை எடுத்துவந்து வூச்சில் வைப்பதாக அறிவித்தது. லிமெரிக்கில் போன வேலைகள் 1,900. "நான் அவர்கள் ஊருக்குப் போனேன், அவர்கள் தொழிற்சாலை எங்கள் ஊருக்கு வந்தது" என்று சிரித்தார். அயர்லாந்து நெருக்கடியில் மூழ்கியபோது திரும்பி வந்துவிட்டார். அந்த 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் சுருங்காத ஒரே பொருளாதாரம் போலந்துடையது.

திரும்பியவருக்கு வேலை காத்திருந்தது. 1997இல் அமைத்த சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு ஜில்லெட், போஷ் எல்லாம் வந்திருந்தன. சீனாவின் செங்டு நகரத்திலிருந்து சரக்கு ரயில் 2013 முதல் வூச்சுக்கு நேராக வருகிறது. கணக்கு எழுதும் அலுவலகங்களும் பெருகின. 2007இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் தன் கணக்கு மையங்களை இன்ஃபோசிஸுக்கு விற்றபோது வூச், பாங்காக், சென்னை மூன்றும் ஒரே ஒப்பந்தத்தில் கைமாறின. மகள் வேலை பார்ப்பது வேறொரு நிறுவனம், வேலை அதேதான்: ஜெர்மனியில் யாரோ வாங்கிய பொருளுக்கு இங்கே பற்றுவரவு எழுதுவது.

ஆக, எட்டிப்பிடித்தார்களா? எண்களைக் கேட்டால் ஆம். ஒன்றியத்தில் சேர்ந்தபோது போலந்தின் தனிநபர் வருமானம், வாங்கும் திறன் கணக்கில், ஒன்றியச் சராசரியில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. இப்போது ஐந்தில் நான்கு பங்கு. குறைந்தபட்ச மாத ஊதியம் 2004இல் 824 ஸ்லோட்டி, 2025இல் 4,666. தெருவிலும் அது தெரிகிறது. ஆனால் வூச்சின் மக்கள்தொகை 1980களின் இறுதியில் எட்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று ஆறரை லட்சம். சராசரியை உயர்த்தியவர்களும் ஆலையில் காதை இழந்தவர்களும் வேறு வேறு ஆட்கள் என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

பியோத்ர்கோவ்ஸ்கா நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர் தெரு. சைக்கிள் ரிக்‌ஷா ஓடுகிறது. ஐரோப்பாவில் அதில் ஏறுவேன் என்று எதிர்பார்க்கவில்லை. தெருவில் ஆலை அதிபர்கள் மூவர் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை உண்டு: போஸ்னான்ஸ்கி, ஷைப்லர், குரோமான். நாம் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ள ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறார்கள். நெய்தவர்களுக்கு அந்த மேசையில் இடமில்லை. ஷைப்லர் கட்டிய தொழிலாளர் குடியிருப்பான க்ஷென்ஷி ம்வின் அவசியம் பார்க்க வேண்டிய இடம். செங்கல் வரிசை வீடுகள், நடுவே கல் பாவிய பாதை. பக்கத்திலிருந்த நூற்பாலை இப்போது உயர் விலை அடுக்ககங்கள். சைவர்கள் பயப்பட வேண்டாம். பால் உணவகங்கள் எனப்படும் கம்யூனிசக் காலத்து மலிவு உணவுக்கூடங்கள் சில அரசு மானியத்தோடு இன்னும் நடக்கின்றன. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியெரோகி என்ற கொழுக்கட்டை மலிவு, வயிறும் நிறையும். உறைப்பு கேட்காதீர்கள்.

கிளம்பும் முன்தினம் இரவு சாப்பாட்டு மேசையில் பேச்சு பெகோவுக்குத் திரும்பியது. துருக்கியத் தலைமையுள்ள அந்த வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் வூச், விரோட்ஸ்வாஃப் ஆலைகளை மூடுவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஏறத்தாழ 1,800 பேருக்கு வேலை போயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லிமெரிக்காரர்கள் படித்த செய்தியை இப்போது வூச்காரர்கள் படிக்கிறார்கள். மகள் தன் அலுவலகத்தைப் பற்றிச் சொன்னார்: போன ஆண்டு அவருடைய குழுவின் வேலையில் ஒரு பகுதி சென்னைக்குப் போய்விட்டது. புதியவர்களுக்குத் திரையில் பாடம் எடுத்தவரே இவர்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள், நிறையக் கேள்வி கேட்பார்கள் என்றார். அவர்களுக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். நான் சொன்ன தொகையை ஸ்லோட்டியில் மாற்றிப் பார்த்து, வாடகை எவ்வளவு, அம்மா அப்பாவோடுதான் இருப்பார்களா என்றெல்லாம் விசாரித்தார். 

என்ன பேசுகிறீர்கள் என்று அம்மாள் உரக்கக் கேட்டார். மகள் விளக்கினார். சம்பளத்தைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ அவருக்கு அக்கறை இல்லை. அங்கே சங்கம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

இருக்கிறது, சேருகிறவர்கள்தான் குறைவு என்றேன்.