பச்சைக் குழந்தைக்காரிக்கு பம்ப் எப்போது தேவை?

இப்போதெல்லாம் வளைகாப்புக்கே தாய்ப்பாலை உறிஞ்சி எடுக்கும் பிரெஸ்ட் பம்ப்பைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறார்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்துப் பார்க்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். குழந்தை நிறைமாதத்தில் பிறந்து, ஒழுங்காக வாய் வைத்துக் குடித்து, முதல் வாரம் முடிவதற்குள் நாளுக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போய், எடையும் ஏறிக்கொண்டிருந்தால், முதல் நாலைந்து வாரம் அந்த பம்ப் பரணிலேயே கிடக்கட்டும்.

மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். குழந்தை குடித்தது போதாதென்று நாமும் பம்ப் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தால், வீட்டில் இரட்டைப் பிள்ளை இருப்பதாக உடம்பு கணக்குப் போட்டு அதற்கும் சேர்த்துச் சுரக்கும். அப்புறம் பால் கட்டு, வலி, குழந்தை வாய் வைத்தவுடன் பால் பீறிட்டு அதற்குப் புரையேறுவது என்று ஒவ்வொன்றாக வரும்.

குறைமாதக் குழந்தை, குழந்தையை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) வைத்திருக்கிறார்கள், வாய் வைக்கவே மாட்டேன் என்கிறது, இப்படி என்றால் கதையே வேறு. அப்போது காத்திருக்கவே கூடாது. பிரசவமாகி 6 மணி நேரத்துக்குள் எடுக்க ஆரம்பித்து, 24 மணி நேரத்தில் 8 தடவையாவது, அதில் ஒன்று நடுராத்திரியிலும் எடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால், சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பம்ப்பில் எடுத்தால் பாதி அந்தப் புனலிலேயே ஒட்டிக்கொள்ளும். கைதான் நல்லது. கட்டைவிரலைக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குச் சற்று மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. கொதிக்க வைத்த சின்னக் கிண்ணத்தில் பிடித்து பாலாடையில் புகட்டலாம், நம் ஊர் நர்ஸ்களுக்கு இது கைவந்த கலை.

பால் கட்டிக்கொண்டால் என் அத்தை சொல்வது, "வெந்நீர் ஒத்தடம் கொடுத்து ஒட்டப் பீய்ச்சி விடும்மா." ஊரில் எல்லோரும் சொல்வதும் இதுதான். ஆனால் தாய்ப்பால் சார்ந்த மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நேர் எதிராகச் சொல்கிறது: குளிர்ந்த ஒத்தடம் கொடு, அழுத்தித் தேய்க்காதே, குழந்தைக்குத் தேவையான அளவுக்கு மேல் வெளியேற்றாதே. ஒட்ட எடுத்தால் இன்னும் அதிகமாகத்தானே ஊறும்? குழந்தை வாய் வைக்கிற அளவுக்கு மார்பு இளகினால் போதும், நிறுத்திவிடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, சிவந்து வீங்கினாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும்.

சரி, வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள்? லீவு முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது ஆரம்பித்தால் போதும். காலையில் முதல் தடவை பால் கொடுத்து ஒரு அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவர்களுக்குப் பால் அதிகம் இருக்கிற நேரம் அதுதான். 15, 20 நிமிடம் போதும். இரண்டு பக்கமும் சேர்த்து 30 மி.லி. வந்தால் "எனக்குப் பாலே இல்லை" என்று அழாதீர்கள். அது குழந்தை குடித்தது போக மிச்சம், அதோடு குழந்தை உறிஞ்சுகிற மாதிரி எந்த மெஷினும் உறிஞ்சாது. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடரவும் வேண்டாம். பம்ப்போடு வரும் புனல் பலவற்றில் 24 மி.மீ., எல்லோருக்கும் அது பொருந்தாது. காம்பை அளந்து சரியான அளவு வாங்குங்கள்.

எடுத்த பால் 25 டிகிரி வரை வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பார்கள். சித்திரை வெயிலில் நம் வீடுகளில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், கதவில் இல்லை, உள்ளே பின்பக்கம். அங்கே 4 நாள் இருக்கும், ஃப்ரீஸரில் 6 மாதம். ஏடு மாதிரி மேலே பிரிந்து நிற்பதைப் பார்த்து, திரிந்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சூடாக்க வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும், அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம். உறைந்ததை ஃப்ரிட்ஜிலேயே உருக வைத்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்தது 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது, அதனால் 60 மி.லி. அளவில் பிரித்து வைப்பதே புத்திசாலித்தனம்.

ஆபீஸில் குழந்தை வழக்கமாகக் குடிக்கும் நேரத்தை ஒட்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் சுரப்பு குறையாது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, சாதாரண இடைவேளை போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை என்பது 1961 பேறுகாலப் பயன் சட்டத்திலேயே வந்துவிட்ட உரிமை. ஹெச்.ஆரில் பலருக்கே இது தெரியாது. "ரெஸ்ட் ரூமில் எடுத்துக்கோங்களேன்" என்று சொல்வார்கள். அவர்கள் சாப்பாட்டை அங்கே வைத்துக் கட்டுவார்களா என்று கேளுங்கள். தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையும் ஒரு பிளக் பாயின்ட்டும் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.