போஸ்டிங்கில் ஃபெயில், மேல்முறையீடு, மறுபடியும் 2 வாரம்

மூன்றாம் ஆண்டு நர்சிங்கில் பொது மருத்துவ வார்டு போஸ்டிங் (வார்டிலேயே நின்று செய்யும் பயிற்சி) முடிந்து மார்க் ஒட்டிய அன்று என் எண்ணுக்கு நேரே 'தேர்ச்சி இல்லை' என்று இருந்தது. தியரியில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். ஊசி போடுவது, மருந்தளவு கணக்கு, கதீட்டர் பராமரிப்பு எதிலும் யாரும் குறை எழுதவில்லை. 'தொழில்முறை நடத்தை' என்ற ஒரே ஒரு கட்டத்தில் சுழித்து, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: அனுமதியின்றி வார்டை விட்டுச் சென்றார், தகவல் இன்றி 2 நாள் வரவில்லை. அந்த ஒரு கட்டத்தில் தவறினால் மற்றதில் என்ன வாங்கியிருந்தாலும் போஸ்டிங் முழுவதும் போச்சு, இது எங்கள் விதி. நோயாளி சம்பந்தப்பட்ட படிப்புகளில் பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருப்பார்கள், அதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

நடந்தது இதுதான். 4 வார போஸ்டிங்கில் மூன்றாவது வாரம். ஒருவருக்கு இன்சுலின் போட்டுவிட்டு ஊசியைக் கழிக்கப் போனால், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் ஷார்ப்ஸ் பெட்டி வாய் வரை நிரம்பியிருந்தது. முக்கால் பங்கு நிறைந்ததுமே மூடி மாற்ற வேண்டிய பெட்டி அது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே வேறு பெட்டி தேடித் திரும்பியபோது இடது ஆள்காட்டி விரலில் சுருக்கென்று குத்தியது. கையுறையில் கண்ணுக்கே தெரியாத ஓட்டை, ஆனால் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி மெதுவாகப் பரவுவது தெரிந்தது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன், பிழியக் கூடாது என்று சொல்லித் தந்தது ஞாபகம் இருந்ததால் பிழியவில்லை. டியூட்டியில் இருந்த சிஸ்டர் பார்த்துவிட்டு, "நீ முதல்ல அவசரப் பிரிவுக்குப் போம்மா, இங்க நான் பார்த்துக்கறேன்" என்றார். போனேன். அதுதான் மார்க் தாளில் 'அனுமதியின்றி' என்று ஆனது.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். நான் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றுக்கான தடுப்பூசி 3 தவணையும் போட்டு, அதன் பிறகு எதிர்ப்புச் சக்தி அளவும் பார்த்திருந்ததால் அந்தப் பக்கம் பயமில்லை. தடுப்பூசி போடாதவருக்கு, அந்தத் தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி வழியாக அது தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் என்றாலும் அந்த வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். ஆனால் நோயாளியின் பரிசோதனை முடிவு கையில் இல்லாதபோது காத்திருக்கக் கூடாது, 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்துக்குள்ளேயே தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும், முழுக் கணக்கு 28 நாள். தொடங்கினார்கள். அன்று இரவு முழுவதும் குமட்டல், தூக்கமில்லை, அதைவிட பயம். அடுத்த 2 நாள் காலையில் எழுந்து யூனிஃபார்ம் போட முடியவில்லை. கூடப் படிக்கும் தோழிக்கு 'மேடம்கிட்ட சொல்லிடு' என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். அவள் டியூட்டி மாறிப் போனதால் மேடத்தை, அதாவது எனக்கு மார்க் போடும் ஆசிரியரை, பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் நோயாளியின் முடிவு நெகட்டிவ் என்று வந்தது, மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நானும் வார்டுக்குத் திரும்பிவிட்டேன்.

விபத்து அறிக்கைப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. அதை அதே ஷிஃப்டில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. எழுதினால் என் கவனக்குறைவை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். இதை முழுசாகச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

மார்க் வந்த அன்று இரவுதான் மாணவர் கையேட்டைத் திறந்தேன். முதலாண்டு முதல் நாள் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே கையேடு. மேல்முறையீடு 10 வேலை நாளுக்குள், எழுத்து மூலமாக, அதற்கு முன் சம்பந்தப்பட்ட ஆசிரியரை ஒருமுறை சந்தித்திருக்க வேண்டும். உரிமை எல்லாம் ஒரு அத்தியாயம், பொறுப்பு எல்லாம் அடுத்த அத்தியாயம் என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் இரண்டும் ஒரே பத்தியில் பின்னிக் கிடக்கிறது. 'காயம்பட்ட மாணவர் உடனடி சிகிச்சை பெற உரிமை உடையவர், அதே ஷிஃப்டில் அறிக்கை தரக் கடமைப்பட்டவர்.' ஒரே வாக்கியம். அதன் முன்பாதி எனக்குச் சாதகம், பின்பாதி எனக்கு எதிர். (அதே பக்கத்தில், கற்றுத் தராத ஒரு செய்முறையை மேற்பார்வை இல்லாமல் செய்யச் சொன்னால் மாணவர் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும் என்று இருந்தது. அதை முதலாண்டிலேயே படித்திருந்தால் எத்தனையோ நாள் வயிற்றைப் பிசைந்துகொண்டு நின்றிருக்க மாட்டேன்.)

அப்புறம் மாணவர் நல ஆலோசகரிடம் போனேன். நான் எழுதிக்கொண்டு போன கடிதம் 4 பக்கம், முக்கால்வாசி அழுகையும் கோபமும். அவர் நிதானமாகப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "போட்ட மார்க் தப்புன்னு சொல்றியா, மார்க் போட்ட முறை தப்புன்னு சொல்றியா?" எனக்கு அப்போது வித்தியாசம் புரியவில்லை. ஆசிரியர் தன் கல்வித் தகுதியில் நின்று செய்யும் மதிப்பீட்டை எந்தக் கமிட்டியும் எளிதில் தொடாது, விதிப்படி நடந்ததா, பாரபட்சம் இருந்ததா, முக்கியமான தகவல் ஏதாவது விடுபட்டதா என்றுதான் பார்க்கும் என்றார். இதற்கு ஒரு பழைய வழக்கையும் சொன்னார், நானும் தேடிப் படித்தேன். 1978ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஹோரோவிட்ஸ் என்ற மருத்துவ மாணவி மிசூரி பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடத்திய வழக்கு. படிப்பில் நல்ல மார்க், வார்டு வேலையில் குறை என்று கடைசி ஆண்டில் நீக்கிவிட்டார்கள். விசாரணையே வைக்கவில்லை என்பது அவருடைய வாதம். கல்விக் காரணத்துக்காக நீக்கும்போது முறையான விசாரணை கட்டாயமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, அவர் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தால், அவருடைய குறைகளை முன்கூட்டியே அவருக்குத் தெரிவித்திருந்தார்கள், எச்சரித்திருந்தார்கள், 7 மருத்துவர்களிடம் தனித்தனியாக அனுப்பி மதிப்பிடவும் வைத்திருந்தார்கள். வேறு நாட்டுச் சட்டம், எனக்கு நேரடியாக உதவாது. இருந்தாலும் படித்து முடித்தபோதுதான் எனக்கு என்ன கிடைக்கவில்லை என்று தெரிந்தது. எங்கள் கையேட்டின்படி போஸ்டிங்கின் பாதியில் எழுத்து மூலம் கருத்து சொல்லி மாணவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஃபெயில் போடும் முன் என் தரப்பையும் யாரும் கேட்கவில்லை.

4 பக்கம் ஒன்றேகால் பக்கமானது. தேதி, நேரம், என்ன நடந்தது, கையேட்டின் எந்த விதி, என்ன கேட்கிறேன், அவ்வளவுதான். படிவம் கொடுக்காததையும் மூன்றாவது பத்தியிலேயே எழுதினேன். அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று ஆலோசகர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இடையில் ஒரு பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். அன்று நான் அவசரப் பிரிவுக்குப் போனதை சிஸ்டர் நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அதைவிட நல்ல ஆதாரம் ஏது என்று தோழியை விட்டு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லி, அதை ஆலோசகரிடம் காட்டினேன். படத்தில் நோயாளியின் பெயர், வயது, என்ன நோய் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதை இணைச்சா அப்பீல் கமிட்டிக்குப் பதிலா ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி முன்னாடி நிப்பீங்க, ரெண்டு பேருமே" என்றார். என் முன்னாலேயே அழிக்க வைத்தார், தோழியும் அழித்தாள். அதற்குப் பதிலாக 'குறிப்பிட்ட தேதியில் வார்டு பதிவேட்டைக் கமிட்டியே வரவழைத்துப் பார்க்க வேண்டுகிறேன்' என்று ஒரு வரி சேர்த்தோம். என் பிரச்சினைக்காக யாரோ ஒரு நோயாளியின் நோயை ஊரறிய வைக்கப் பார்த்தேன் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஆதாரம் தேடுகிற அவசரத்தில் யாருக்கும் இது தோன்றலாம், தயவுசெய்து செய்யாதீர்கள்.

மேடத்தைச் சந்தித்ததுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. சண்டைக்குப் போவது போல மனசைத் தயார்செய்துகொண்டு போனேன். அவர் அவசரப் பிரிவுச் சீட்டைப் பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "ஏம்மா, குத்தினது எனக்குத் தெரியவே தெரியாதே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். ஆனால் பதிவான மார்க்கை அவரால் மாற்ற முடியாது, கமிட்டிதான் மாற்ற முடியும். கடிதத்தைக் கொடுங்கள், நானும் எனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன் என்று சொன்னார், எழுதியும் தந்தார்.

எட்டாவது வேலை நாளில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். இந்தச் சீல் சின்ன விஷயம் மாதிரி தெரியும், கெடு தாண்டிவிட்டது என்று யாராவது சொன்னால் நம் கையில் இருப்பது அது மட்டும்தான். முடிவு வரும்வரை வகுப்புக்கு ஒழுங்காகப் போனேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது லீவு போட்டு அந்த வருகைப்பதிவிலும் சிக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வகுப்பு குரூப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

கமிட்டியில் 5 பேர். 3 ஆசிரியர்கள், வெளித்துறையிலிருந்து ஒருவர், ஒரு மாணவர் பிரதிநிதி. எனக்கு மார்க் போட்டவர் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. ஆலோசகர் கூட வரலாம், ஆனால் எனக்காகப் பேசக் கூடாது. சுமார் 25 நிமிஷம். பாதியில் எழுத்து மூலம் கருத்து வந்ததா என்று கேட்டார்கள், துறையிடம் தாளைக் கேட்டார்கள், அவர்களிடம் இல்லை. அது சீக்கிரம் முடிந்துவிட்டது. அதன் பிறகு வெளித்துறையிலிருந்து வந்தவர், "அந்தப் பெட்டி நிரம்பியிருந்ததை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ அடுத்த ஷிஃப்ட்ல வந்தவங்களுக்கும் அதே பெட்டிதான்?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் படிவத்தை ஒரு குற்ற ஒப்புதலாகவே நினைத்திருந்தேன். அதில் 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டம் எதற்காக இருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

12 நாள் கழித்து முடிவு வந்தது. ஃபெயில் ரத்து. ஆனால் பாஸ் இல்லை, 'நிறைவு பெறவில்லை'. வேறொரு ஆசிரியரின் கீழ் 2 வாரம் அதே வார்டில் மறுபடியும் செய்ய வேண்டும். படிவம் தராததற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், படிப்பு முடியும்வரை கோப்பில் இருக்கும். அதற்கு என் விளக்கத்தை இணைக்கும் உரிமை இருந்தது, நான் இணைக்கவில்லை, கடிதத்தில் இருந்தது உண்மை. மேல்முறையீடு செய்ததற்காக யாரும் பழிவாங்கக் கூடாது என்று கையேட்டில் ஒரு விதி உண்டு, அது காகிதத்தில் மட்டும் இருக்குமோ என்று பயந்தேன். மேடம் முன்பு போலத்தான் பேசினார். மற்றவர்கள் விடுமுறைக்குப் போனபோது நான் வார்டில் நின்றேன், அது வலிக்கத்தான் செய்தது.

மறு போஸ்டிங்கில் முதல் வாரக் கடைசியில் புது ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். பாதியில் தர வேண்டிய கருத்துத் தாள். 'நோயாளிகளிடம் பேசும் விதம் நன்று. குறிப்பு எழுதும்போது நேரம் போட மறக்கிறார்' என்று இருந்தது. அது எனக்குத் தெரியவே தெரியாது. லாக் புக்கைப் புரட்டிப் பார்த்தேன், 6 இடத்தில் நேரம் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் முழுவதும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் எழுதினேன்.